நாமே சரி பார்ப்போம்: முதுகுக்குப் பின்னால் எரியும் விளக்கு

மிக்ஸி, குக்கர், ஒழுகும் குழாய் என்று சமையலறையையே சுற்றி வந்த இந்தப் பகுதி, இந்தத் தடவை வாசலுக்கு வந்து காருக்குள் தலையை நுழைக்கிறது. "காரா? அது ஆம்பிளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே. குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், காய்கறி வாங்கிப் போட்டுக் கொண்டு வருவதும் இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் நாம்தானே? ஓட்டத் தெரிந்த நமக்கு, அந்த வண்டியில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்சைப் பற்றித் தெரிந்திருந்தால் நஷ்டமில்லை. எனக்கு அது தெரிய வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லிக் கொள்ளக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நடந்தது கோவையில், ஒரு ஆடி மாதத்து சாயந்திரம். லேசாகத் தூறல். பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வரப் போய்க் கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாசலுக்குச் சற்று முன்னால் ஒரு ஆட்டோ சட்டென்று குறுக்கே திரும்பியது. பிரேக்கை அழுத்தி நிறுத்தினேன். பின்னால் 'கிரீச்' என்று ஒரு சத்தம். அப்புறம் 'டொம்' என்று மெல்ல ஒரு இடி.

கோபமாகத்தான் இறங்கினேன். ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடக்காத குறை. இருபத்தைந்து வயசுக்கு மேல் இராத ஒரு பெண், ஒற்றைக் காலை ஊன்றி அதைத் தாங்கிக் கொண்டு நிற்கிறாள். முன்னால் நின்று வந்த பையனுக்கு மூன்று வயசு இருக்கும். கைப்பிடியில் மோவாய் இடித்து, உதட்டில் துளி ரத்தம். வீறிட்டு அழுகிறான்.

"ஏம்மா, பார்த்து வரக் கூடாதா? குழந்தையை வேறே முன்னாலே நிக்க வெச்சுக்கிட்டு!" என்று ஆரம்பித்தேன்.

அவள் குழந்தையின் வாயைத் துடைத்துக் கொண்டே சொன்னாள்: "ஏனுங்க அக்கா, பார்த்துட்டுத்தானுங்க வந்தேன். உங்க காருக்குப் பின்னாடி வெளக்கே எரியலீங்களே! நீங்க நிறுத்துனது எனக்கு எப்படிங்க தெரியும்?"

எனக்கு நம்பிக்கை இல்லை. "நீங்க உள்ளே உக்காந்து மிதியுங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்றாள். மிதித்தேன். "எரியலீங்க." பலமாக மிதித்தேன். "இல்லீங்க அக்கா." அந்த இரண்டு வார்த்தையில் என் கோபம் போன இடம் தெரியவில்லை. பையனுக்கு உதடு லேசாகக் கிழிந்ததோடு போயிற்று. அவள் இன்னும் கொஞ்சம் வேகமாக வந்திருந்தால்? அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதில் பெரிய வேதனை என்னவென்றால், அந்த விளக்கு எத்தனை நாளாக எரியவில்லை என்றே எனக்குத் தெரியாது. முந்தின வாரம்தான் பொள்ளாச்சி ரோட்டில் ராத்திரிப் பயணம் போய் வந்தோம். ஆயுதபூஜை தவறாமல் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தவர் எங்கள் வீட்டில் யாருமில்லை.

காரில் முன் விளக்கு எரியாவிட்டால் நமக்கு வழி தெரியாது; உடனே கவனிப்போம். ஹார்ன் அடிக்காவிட்டால் காது கேட்டுவிடும். ஆனால் பிரேக் விளக்கு, நாம் ஓட்டும்போது நம் கண்ணில் படாத விளக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறது. வரிசையாக நிற்கும் நாலு சின்னக் கார்களின் நீளம்! பின்னால் வருபவர் நம் விளக்கைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைப்பதற்கும், கார் கிட்டே வந்துவிட்டதே என்று தானாகப் புரிந்து கொண்டு கால் வைப்பதற்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் இதுதான்.

ஃப்ரிஜ் கதவைப் போலத்தான்

மறுநாள் எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சர்வீஸ் விட்டு ஒரு மாசம்கூட ஆகலியே!" என்று அவருக்கு ஆச்சரியம். ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தால், "ரெண்டு நாள் வண்டியை விட்டுட்டுப் போங்க" என்றார்கள். விளக்கே எரியாமல் அவ்வளவு தூரம் ஓட்டிப் போகவும் எனக்கு மனசில்லை. தெருக்கோடியில் கார் ஒயரிங் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய் நின்றேன்.

"அம்மிணி, ஊட்ல ஃப்ரிஜ் இருக்குதல்லோ? கதவைத் திறந்தா உள்ளே வெளக்கு எரியுது, சாத்துனா அணையுது. எப்படீன்னு பார்த்திருக்கறீங்களா?" என்று கேட்டார்.

பார்த்திருக்கிறேன். கதவோரத்தில் ஒரு குமிழ் இருக்கும். கதவு மூடும்போது அதை உள்ளே அழுத்தும், விளக்கு அணையும். கதவு விலகினால் குமிழ் வெளியே வரும்; விளக்கு எரியும்.

"அதே சங்கதிதானுங்க. கதவுக்குப் பதிலா பிரேக் பெடல்" என்றார். அவ்வளவுதான், எனக்கு முழுப் பாடமும் விளங்கிவிட்டது.

பிரேக் பெடலின் தண்டு மேலே போய் முடிகிற இடத்தில், ஸ்டியரிங்குக்குக் கீழே, விரல் பருமனில் ஒரு ஸ்விட்ச் பொருத்தியிருப்பார்கள். அதன் பின்புறம் ஒயர் செருகியிருக்கும். முன்புறம் ஒரு குமிழ் நீட்டிக் கொண்டிருக்கும். பெடல் சும்மா இருக்கும்போது அந்தக் குமிழை அழுத்திக் கொண்டே இருக்கும். நாம் மிதித்ததும் பெடல் கீழே இறங்கும், குமிழ் வெளியே வரும், உள்ளே இருக்கும் இரண்டு தகடுகள் ஒட்டிக் கொள்ளும், பின்னால் விளக்கு எரியும். நாம் ஒரு நாளைக்குப் பிரேக்கை எத்தனை நூறு தடவை தொடுகிறோம்! அத்தனை தடவையும் அந்தத் தகடுகள் ஒட்டிப் பிரிகின்றன. வருஷங்கள் போகப் போகத் தகட்டில் கருமை படிகிறது, உள்ளே ஸ்பிரிங் தளர்கிறது, ஒருநாள் ஒட்டாமல் போகிறது.

நோய் எது என்று முதலில் பாருங்கள்

காய்ச்சல் என்றதும் கண்ட மாத்திரையை விழுங்குவதில்லை அல்லவா? இங்கேயும் அப்படித்தான். காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கை பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் அணை கொடுங்கள்.

ஒருவர் மிதிக்க ஒருவர் பின்னால் நின்று பார்ப்பதுதான் சுலபம். பகலில் வீட்டில் தனியாக இருக்கிறீர்களா? செல்போனைப் பின்னால் ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து, வீடியோ எடுக்க விட்டுவிட்டு வந்து மிதியுங்கள். அப்புறம் போய்ப் பாருங்கள். இருட்டிய பிறகு சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தினால், சுவரில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணாடியிலேயே பார்த்துவிடலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ராத்திரியில் முன் விளக்கைப் போட்டதும் பின்னாலும் சிவப்பாக எரியும். அது பிரேக் விளக்கு அல்ல. பல்பு போட்ட கார்களில் அந்தப் பின் விளக்கு 5 வாட், பிரேக் விளக்கு 21 வாட். அநேகமாக ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளாக இருக்கும். ஆகவே முன் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். நான் பொள்ளாச்சி ரோட்டில் ஏமாந்தது இங்கேதான். பின்னால் சிவப்பு தெரிந்தது, எல்லாம் சரி என்று இருந்துவிட்டேன்.

பார்த்ததும் இப்படிப் பிரித்துக் கொள்ளுங்கள்:

1. ஒரு பக்கம் எரிந்து மறு பக்கம் எரியவில்லை என்றால், ஸ்விட்ச் மேல் தப்பில்லை. பல்புதான் போயிருக்கும், அல்லது பல்பு உட்காரும் ஹோல்டரில் துரு.

2. எல்லா விளக்கும் எரியவில்லை என்றால், ஃப்யூஸ் அல்லது ஸ்விட்ச்.

3. மிதிக்காமலே எரிந்து கொண்டிருந்தால், ஸ்விட்ச் நகர்ந்திருக்கிறது, அல்லது அதன் குமிழை அழுத்தும் கட்டை விழுந்துவிட்டது.

ஃப்யூஸ் பெட்டி ஸ்டியரிங்குக்குக் கீழேயோ, பானெட்டுக்குள்ளேயோ இருக்கும். மூடியின் உட்புறத்தில் எந்த ஃப்யூஸ் எதற்கு என்று அச்சடித்திருப்பார்கள். 'ஸ்டாப்' என்று போட்டிருப்பதை உருவிப் பாருங்கள். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அதே அளவில் வேறு போடுங்கள். சிவப்பு என்றால் 10 ஆம்பியர், நீலம் என்றால் 15. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்புதான் போட வேண்டும். சிகரெட் பெட்டிக் காகிதத்தைச் சுற்றிச் செருகுவது, செப்புக் கம்பி கட்டுவது போன்ற வைத்தியங்கள் வேண்டவே வேண்டாம். ஒயர் பற்றிக் கொள்ளும். புது ஃப்யூஸும் உடனே போய்விட்டால், எங்கேயோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். அது எலெக்ட்ரீஷியன் வேலை.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால் ஸ்விட்ச் பக்கம் வாருங்கள்.

ஸ்விட்சைக் கழற்றி மாற்றுவது

சாவியை எடுத்துவிடுங்கள். ஓட்டுனர் சீட்டைப் பின்னால் தள்ளி, காலடியில் இருக்கும் மிதியடியை எடுத்துவிட்டு, ஒரு பழைய போர்வையை விரித்துக் கொள்ளுங்கள். நல்ல வெயிலில் இந்த வேலை வேண்டாம்; உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் பெடலின் தண்டோடு கண்ணை மேலே ஓட்டினால் ஸ்விட்ச் தெரியும். வயிற்றுப் பிள்ளைக்காரிகளும், இடுப்பு வலி உள்ளவர்களும் இப்படி மடங்கிப் படுக்க வேண்டாம். யாரையாவது படுக்கச் சொல்லிவிட்டு நீங்கள் டார்ச் பிடியுங்கள். இந்தப் பக்கத்தையும் உரக்கப் படித்துச் சொல்லுங்கள்!

ஒயர் செருகியிருக்கும் பிளக்கில் ஒரு நாக்கு இருக்கும். அதை அழுத்திக் கொண்டு இழுத்தால் வந்துவிடும். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். இரண்டே ஒயர் உள்ள பிளக்காக இருந்தால் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. இரண்டு முனையும் சீவிய ஒரு சின்ன ஒயர்த் துண்டால், பிளக்கின் இரண்டு துளைகளையும் ஒரு நிமிஷம் இணையுங்கள். பின்னால் விளக்கு எரிந்தால், பல்பும் ஒயரும் நல்லபடி இருக்கின்றன, ஸ்விட்ச்தான் போய்விட்டது என்று தெரிந்து கொள்ளலாம். சில கார்களில் சாவியைத் திருப்பினால்தான் இந்த விளக்குக்கு மின்சாரம் வரும். அப்படியானால் சோதனைக்கு மட்டும் சாவியைப் போட்டுத் திருப்பிக் கொள்ளுங்கள், எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். அப்போதும் எரியாவிட்டால் ஸ்விட்சை வாங்கிக் காசை வீணாக்காமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நான்கு ஒயர் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம். அவை காரின் மற்ற மூளைகளுக்கும் சேதி சொல்பவை.

ஸ்விட்ச் இரண்டு விதம். ஒன்று, உடம்பெல்லாம் மரை போட்டு, நட்டால் இறுக்கியது. நட்டை ஸ்பானரால் தளர்த்தி, ஸ்விட்சைக் கையால் திருகினால் வந்துவிடும். எத்தனை சுற்று திருகினீர்கள் என்று எண்ணிக் கொள்ளுங்கள். இன்னொன்று, கால் சுற்றுத் திருப்பினால் பூட்டுத் திறந்து வருவது. இப்போதைய கார்கள் பலவற்றில் இதுதான்.

பழைய ஸ்விட்சைக் கையில் எடுத்துக் கொண்டே கடைக்குப் போங்கள். காரின் பெயர், வருஷம் சொன்னாலும், பார்க்க ஒன்று போல இருந்து அளவில் மாறுபடுகிறவை உண்டு. காந்திபுரம் பக்கத்துக் கடை ஒன்றில் எனக்கு 180 ரூபாய்க்குக் கிடைத்தது. பழையதைப் பிரித்துத் தகட்டை உப்புத்தாளால் தேய்த்துப் போடலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். "போடலாமுங்க, பத்து நாளைக்கு எரியும். பதினோராம் நாள் எரியலீன்னா உங்களுக்கு யார் சொல்றது?" என்றார். வாயை மூடிக் கொண்டேன்.

மரை உள்ள புது ஸ்விட்சை, பழையது இருந்த அளவுக்கே திருகுங்கள். பெடல் சும்மா இருக்கும்போது குமிழ் முழுக்க அழுந்தியிருக்க வேண்டும். ஆனால் ஸ்விட்சின் உடம்பு பெடலை இடிக்கக் கூடாது. நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருக்கட்டும். கார் கையேட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. அதிகமாக உள்ளே திருகினால் ஸ்விட்ச் பெடலைத் தள்ளிக் கொண்டே இருக்கும். ஓடும்போதெல்லாம் பிரேக் லேசாகப் பிடித்தபடி சூடேறும். இது ஆபத்து. குறைவாகத் திருகினால் என்ன ஆகும் என்பதை அடுத்தபடி சொல்கிறேன்.

கால் சுற்று ஸ்விட்ச் என்றால், பெடலைக் கையால் நன்றாக அழுத்திப் பிடித்துக் கொண்டு, ஸ்விட்சைச் செருகித் திருப்பிப் பூட்டி, பிறகு பெடலை மெதுவாக விடுங்கள். பலவற்றில் குமிழ் தானே தன் அளவைப் பிடித்துக் கொள்ளும். அப்படிப்பட்டதைக் கழற்றினால் திரும்பப் போடாமல் புதிது போடுவது நல்லது.

நான் செய்த தப்பு

ஸ்விட்ச் போட்டாயிற்று. என் பெண் பின்னால் நின்று கொண்டு, "எரியுதும்மா!" என்று குதித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தையிடம் போய் அளந்தேன். கையைக் கழுவிக் கொண்டு சமையலைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை கார் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தம்பிதான் கண்டுபிடித்துச் சொன்னார்: "அக்கா, நேத்து ராத்திரி பூரா பின்னால ரெட் லைட் எரிஞ்சுட்டே இருந்துச்சுங்களே, பார்க்கலீங்களா?"

நட்டை இறுக்கும்போது ஸ்விட்ச் சற்று வெளியே வந்துவிட்டிருக்கிறது. பெடல் சும்மா இருந்தும் குமிழ் முழுக்க அழுந்தவில்லை. கதவு சரியாகச் சாத்தாத ஃப்ரிஜ் மாதிரி, ராத்திரி முழுக்க விளக்கு. கணக்கைப் பாருங்கள்: இரண்டு பல்பும் சேர்ந்து 42 வாட். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மூன்றரை ஆம்பியர் இழுக்கிறது. சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பாட்டரி பத்து மணி நேரத்தில் காலி. நான் காரை நிறுத்தியது ராத்திரி எட்டு மணி. எடுத்தது காலை எட்டு!

எரிகிறதா என்று பார்த்தேனே தவிர, காலை எடுத்தால் அணைகிறதா என்று பார்க்கவில்லை. நீங்கள் இரண்டையும் பாருங்கள். லேசாகத் தொட்டதும் எரிய வேண்டும். விட்டதும் அணைய வேண்டும். பத்துத் தடவை மிதித்து விடுங்கள், பத்துத் தடவையும் அப்படியே நடக்க வேண்டும். பிறகு காரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை எடுத்து, சமதளத்தில் தள்ளிப் பாருங்கள். சக்கரம் இழுக்காமல் உருண்டால் பெடலும் சுதந்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

என் நாத்தனார் வீட்டுக் காரிலும் இதே மாதிரி விளக்கு அணையாமல் எரிந்தது. அவளுக்கு ஸ்விட்ச் போகவில்லை. மிதியடியில் பிளாஸ்டிக் துணுக்குகள் சிதறிக் கிடந்தன. குழந்தை எதையோ உடைத்துப் போட்டிருக்கிறான் என்று பெருக்கித் தள்ளிவிட்டாள்! பெடல் தண்டில் ஸ்விட்சின் குமிழ் முட்டும் இடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டை பொருத்தியிருப்பார்கள். வயசாகி அது நொறுங்கிவிட்டால், குமிழ் அந்த ஓட்டைக்குள் நுழைந்து கொள்ளும், விளக்கு அணையாது. அந்தக் கட்டை சில ரூபாய் விலைதான். ஆகவே, காலடியில் தெரியாத துணுக்கு எதையாவது பார்த்தால் குப்பையில் போடுவதற்கு முன் நிமிர்ந்து மேலே பாருங்கள்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

நம் வேலை ஸ்விட்சோடு முடிந்தது. பிரேக் பெடலையோ, அதன் தண்டையோ, பிரேக் ஆயில் குழாயையோ தொட வேண்டாம். பழைய காலத்துக் கார்கள் சிலவற்றில் ஸ்விட்ச் பெடலில் இராது. பிரேக் ஆயில் குழாயில் இருக்கும். ஆயிலின் அழுத்தத்தால் வேலை செய்வது. அதைக் கழற்றினால் காற்றுப் புகுந்து பிரேக்கே பிடிக்காமல் போகும். அப்படி இருந்தால் மெக்கானிக்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் தெரிந்தால் அவை காற்றுப் பைக்கானவை. விரல் படக் கூடாது. மிதித்தால் பெடல் பஞ்சு போல இறங்கினாலோ, தரை வரை போனாலோ அது விளக்குக் கோளாறு அல்ல. காரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

இன்னொரு சங்கதி. கியர் தானாக மாறும் கார்களிலும், பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களிலும், பிரேக்கை மிதித்தால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். 'மிதித்துவிட்டார்' என்று காருக்குச் சொல்வது பெரும்பாலும் இதே ஸ்விட்ச்தான். திடீரென்று கார் கிளம்ப மறுத்தாலோ, கியர் நகர மறுத்தாலோ, பின்னால் போய் விளக்கு எரிகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளுக்கு

உங்கள் ஸ்கூட்டரிலும் இந்த ஸ்விட்ச் உண்டு. இரண்டு கைப் பிரேக் பிடிகளிலும் தனித்தனியாக ஒவ்வொன்று. வலது பிடியை மட்டும் அழுத்திப் பாருங்கள், பிறகு இடது பிடியை மட்டும். இரண்டிலும் எரிய வேண்டும். ஒன்றில் எரிந்தால் போதும் என்று விட்டுவிட்டால், நீங்கள் வழக்கமாக அழுத்துகிற பிடிதான் எரியாததாக இருக்கும்! மழைக்காலத்தில் தண்ணீரும் சேறும் புகுந்து இவை அடிக்கடி மக்கர் செய்யும். குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டியதில்லை. பின்னாலிருந்து இடித்தால் முதலில் அடி படுவது அந்தக் குழந்தைதான்.

ஒரு நடிகையின் யோசனை

கார் என்றால் ஆண்கள் விஷயம் என்று யாராவது கேலி செய்தால் இதைச் சொல்லுங்கள். மௌனப் படக் காலத்தில் அமெரிக்காவில் புகழோடு இருந்த நடிகை ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ். சொந்தமாகக் கார் வைத்து ஓட்டியவர். 1914 வாக்கில் அவர் ஒரு ஏற்பாடு செய்தார்: பிரேக்கை மிதித்தால் காரின் பின்புறம் 'நில்' என்று எழுதிய ஒரு பலகை எழும்பும். பின்னால் வருகிறவருக்குத் தெரிய வேண்டும் என்ற யோசனை ஒரு பெண்ணுக்கு அப்போதே வந்திருக்கிறது. அதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார். அவருடைய அம்மா சார்லட் பிரிட்ஜ்வுட் மின்சாரத்தில் ஓடும் கண்ணாடித் துடைப்பானுக்கு 1917-ல் காப்புரிமை வாங்கினார். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து காருக்கு எவ்வளவு யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்!

இப்போது கார்களின் பின் கண்ணாடியில் நடுவே மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கு எரிகிறதே, அதற்கும் கதை உண்டு. ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து டாக்ஸிகளில் சிலவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விளக்கு வைத்துப் பார்த்தார் ஜான் வோவோட்ஸ்கி என்ற மனோதத்துவ நிபுணர். விளக்கு வைத்த டாக்ஸிகளைப் பின்னாலிருந்து இடிப்பது பாதிக்கு மேல் குறைந்ததாக 1974-ல் எழுதினார். 1986 மாடலிலிருந்து அந்த நாட்டில் புதுக் கார்களுக்கெல்லாம் அந்த மூன்றாவது விளக்கு கட்டாயமாயிற்று. ஒரு விளக்கு கூடினால் அவ்வளவு நன்மை என்றால், இருக்கிற விளக்கும் எரியாமல் ஓட்டுவது எவ்வளவு பெரிய தவறு!

இதையெல்லாம் அத்தையிடம் சொல்லிக் கொண்டிருந்தேன். எண்பது வயசு அவருக்கு. காரில் பின் சீட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது. "கார்த்திகைக்கு வாசல்ல வெளக்கு வெக்கறமே, அது ஊட்டுக்குள்ளார இருக்கறவங்களுக்கா? வாரவங்க போறவங்களுக்குத்தான். அது மாதிரி வெச்சுக்க" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. மாதம் பிறந்து காலண்டர் தாளைத் திருப்பும் அன்று, நான் உள்ளே உட்கார்ந்து மிதிப்பேன், என் பெண் பின்னால் நின்று, "இடது எரியுது, வலது எரியுது, நடுவும் எரியுது, அணைஞ்சிருச்சு" என்று கத்துவாள். ஒரு நிமிஷ வேலை. அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

அந்த ஸ்கூட்டர்ப் பெண்ணைப் பிறகு பள்ளிக்கூட வாசலில் பார்த்தேன். பையன் உதடு ஆறி, நாக்கைத் துருத்திக் கொண்டிருந்தான். "லைட்டு சரி பண்ணிட்டேம்மா, நானேதான் மாத்தினேன்" என்றேன். அவள் சிரித்தாள். "தெரியுமுங்க அக்கா. ரெண்டு நாளா உங்க காருக்குப் பின்னாடிதானுங்க வந்துட்டு இருக்கறேன், பார்த்துட்டேன்" என்றாள்.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும், வாசலில் நிற்கும் வண்டியை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிடுங்கள், சகோதரிகளே. அடுப்பில் பால் இருந்தால் மட்டும் இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்!